கூடவே வந்துவிட்ட சார்ஜர்

நாகர்கோவிலில் ஒரு வீட்டின் சமையலறைச் சுவரில் ஒரு சார்ஜர் குடியிருந்தது. மெலிந்த வயர், ஊசி போன்ற முனை. அந்த முனை எமில்டாவின் பட்டன் போனுக்கு மட்டும்தான் பொருந்தும். எமில்டா, வீட்டுக்காரர் பெலிக்ஸின் அக்கா. கல்யாணம் செய்துகொள்ளாமல் தம்பி குடும்பத்தோடு இருந்தார்.

தம்பி குடும்பம் கோலாலம்பூருக்குச் சுற்றுலா கிளம்பியது. எமில்டாவுக்குப் பாஸ்போர்ட் இல்லை. எடுக்கும்படி யாரும் சொல்லவும் இல்லை.

வீட்டைப் பூட்டிக்கொண்டு வெளியூர் போகும்போதெல்லாம் பெலிக்ஸ் அறை அறையாகப் போய் எல்லா பிளக்கையும் உருவிவிடுவார். இடி, மின்னல் என்றால் அவருக்கு அவ்வளவு பயம். இந்த முறையும் உருவினார். வயர்களையெல்லாம் சுருட்டி ஒரு பையில் திணித்தார்.

வாசலில் நின்று எமில்டா சொன்னார்: "தினமும் சாயங்காலம் கூப்பிடுங்க. போனைக் கையிலேயே வச்சிருப்பேன்."

பைக்குள் பவர் பேங்க் நல்ல இடமாகப் பார்த்துச் சாய்ந்திருந்தது. கேமரா, டேப்லெட், அவற்றின் வயர்கள் எல்லாம் அதைச் சுற்றிக் கிடந்தன.

"யாருப்பா நீ, ஓரத்துல?" என்றது பவர் பேங்க்.

"எமில்டா அக்கா போனோட சார்ஜர்."

"உன் போன் எங்க?"

"வீட்டுல."

"அப்ப நீ எதுக்கு வந்த?"

"நான் எங்க வந்தேன்? எடுத்துட்டு வந்துட்டாங்க."

"ஓசியில ஃபாரின் போற. மூஞ்சியைக் கொஞ்சம் சிரிச்ச மாதிரி வச்சிக்கோ."

எல்லாம் சிரித்தன. சார்ஜர் மட்டும் கேட்டது: "கிளம்பும்போது அக்கா போன்ல சார்ஜ் பாதிதான் ஏறியிருந்துது. எவ்வளவு நாள் தாங்கும்?"

கோலாலம்பூர் ஓட்டல் சுவரில் துளைகளே வேறு மாதிரி இருந்தன. அடாப்டர் மூலமாகத்தான் எல்லாவற்றுக்கும் கரண்ட் கிடைத்தது. ஊரில் அலமாரிக்குள் கிடக்கும் அடாப்டருக்கு அன்று ஓய்வே இல்லை.

"என்னையும் ஒரு தடவை சேர்த்துக்கயேன்" என்று சார்ஜர் அதனிடம் கேட்டது.

"சேர்த்துக்கலாம். நீ வாங்குற கரண்டை யார்கிட்ட கொடுப்ப?"

சார்ஜர் தன் முனையைப் பார்த்துக்கொண்டது.

முதல் இரண்டு சாயங்காலமும் எமில்டா பேசினார். மூன்றாவது நாள் பெலிக்ஸின் மனைவி ஜெனிபா போனைக் காதிலிருந்து இறக்கினாள். "மதினி போன் ஸ்விட்ச் ஆஃப்னு வருது."

"சார்ஜ் போட மறந்திருப்பா. அவளுக்கு எதுதான் ஞாபகம் இருக்கு?" என்றார் பெலிக்ஸ்.

பைக்குள் சார்ஜர் அதைக் கேட்டது. பவர் பேங்கும் கேட்டது.

மறுநாளும் ஸ்விட்ச் ஆஃப்.

"பக்கத்து வீட்டு நம்பர் இருக்கா?"

"எங்கிட்ட ஏது? அக்கம்பக்கத்துல பேசிப் பழகுறது மதினி மட்டும்தானே."

கேமரா வயரைத் தேடிப் பையைத் துழாவிய மகள் ஷெரின், ஊசி முனையைப் பிடித்து வெளியே இழுத்தாள்.

"அப்பா, இது அத்தையோடதுல்ல?"

பெலிக்ஸ் வாங்கிப் பார்த்தார். "இதை எப்படி... வீட்டுல யாரும் இருக்க மாட்டாங்கன்னா பிளக்கை எல்லாம் உருவிடுவேன்ல. அந்தப் பழக்கத்துல..."

ஜெனிபா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"அத்தை இருந்தாங்களேப்பா" என்றாள் ஷெரின்.

என்ன செய்வதென்று தெரியாமல், பெலிக்ஸ் சார்ஜரை அடாப்டரில் செருகினார். அடாப்டர் பேசாமல் இடம் கொடுத்தது.

சார்ஜரில் சிவப்பு விளக்கு எரிந்தது. அதன் முனை மேசை விளிம்பிலிருந்து தரையைப் பார்த்துத் தொங்கிக்கொண்டிருந்தது.