தர்மிகா தேடிய இடங்கள்

இடம்பெயர்ந்தோர் முகாமில் பிள்ளைகளுக்கு நாடகமும் விளையாட்டும் சொல்லிக்கொடுத்து வந்தவர் பாக்கியநாதி ரீச்சர். யோகராசன் வங்கி வேலையை விட்டுவிட்டு அவரிடம் அந்த வேலையைப் பழக வந்தவன். சில வாரங்களிலேயே பிள்ளைகள் அவனைக் கண்டதும் சிரிக்கத் தொடங்கியிருந்தார்கள். அதில் அவனுக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

ஒருநாள் பின்னேரம், ரீச்சர் இல்லாத நேரத்தில், அவன் ஒளிச்சுப் பிடிச்சு விளையாட்டு வைத்தான். தேடுகிற முறை தர்மிகாவுக்கு வந்தது. யாரோடும் அதிகம் பேசாத சிறுமி. அன்றைக்கு மூச்சு வாங்க ஓடினாள். கூடாரங்களுக்குப் பின்னாலும் தண்ணீர்த் தாங்கியின் அடியிலும் ஒளிந்திருந்தவர்களை ஒவ்வொருவராக இழுத்து வந்தாள். எல்லாரும் கைதட்டினார்கள்.

அவள் நிற்கவில்லை. மறுபடியும் கூடாரங்களுக்குப் பின்னால் போனாள்.

“தர்மிகா, எல்லாரையும் பிடிச்சாச்சு. வாங்கோ.”

“தம்பியை இன்னும் காணேல்லை.”

அவளுடைய தம்பி முகாமுக்கு வரும் வழியில் காணாமற்போனவன். அது யோகராசனுக்குத் தெரியும். பிள்ளைகள் எல்லாரும் அவன் முகத்தையே பார்த்தார்கள்.

“தம்பி இஞ்ச இல்லையம்மா. விளையாட்டு முடிஞ்சுது,” என்றான்.

அவள் கூடாரத்துக்குள் போய்விட்டாள். மறுநாள் விளையாட வரவில்லை. கூப்பிடப் போனவனைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

யோகராசன் ரீச்சரிடம் எல்லாவற்றையும் சொன்னான்.

“பொய் சொல்லக்கூடாது எண்டுதானே அப்பிடிச் சொன்னனான், ரீச்சர். நான் என்ன செய்திருக்க வேணும்?”

ரீச்சர் செருப்பை மாட்டிக்கொண்டு தர்மிகாவின் கூடாரத்துக்கு நடந்தார். அவன் பின்னால் போய்ச் சற்றுத் தள்ளி நின்றான்.

“எந்த இடமெல்லாம் இன்னும் பாக்கேல்லை, பிள்ளை?”

தர்மிகா அவரிடம் ஏதோ மெதுவாகச் சொன்னாள். பிறகு எழும்பினாள்.

இருவரும் சமையல் கொட்டிலுக்குள் பார்த்தார்கள். விறகுக் குவியலுக்குப் பின்னால் பார்த்தார்கள். அவள் குனிந்த இடத்திலெல்லாம், முழங்கால் வலியோடு, ரீச்சரும் குனிந்தார். அவள் தம்பியின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டபோது அவரும் கூப்பிட்டார். முள்ளுக்கம்பி வேலியோரமாக முகாமைச் சுற்றி வந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. தர்மிகா கால் கழுவினாள். அவளைக் கூட்டிவந்த சித்தி போட்டுக் கொடுத்த சோற்றை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டாள்.

யோகராசனுக்கு மனம் ஆறவில்லை.

“தம்பி கிடைப்பான் எண்டு அவள் நம்பிவிட்டால், ரீச்சர்?”

“நம்பேல்லை. தேட வெளிக்கிடேக்கயே சொல்லிப்போட்டாள், அவன் இஞ்ச இருக்க மாட்டான் எண்டு.”

“பிறகு ஏன் தேடினவள்?”

“ஷெல் குண்டு விழேக்க தம்பியின்ர கை விட்டுப் போச்சுதாம். நிண்டு தேடப் பாத்திருக்கிறாள். சித்தி இழுத்துக்கொண்டு ஓடியிட்டா. அண்டைக்கு ஒருத்தரும் அவளைத் தேட விடேல்லை.”



“நாளைக்கும் போவீங்களோ?”

“அவள் போதும் எண்டுற வரைக்கும்.”

“நானும் வரட்டோ?”



“அவளிட்டக் கேட்டுப் பாத்தனான். விளையாட்டு முடிஞ்சுது எண்டு சொன்ன மாமா வரவேண்டாமாம்.”