பத்திரிகை ஆபீசில் ஒரு பசிப் புதிர்

வாரப் பத்திரிகை ஆசிரியர் பராங்குசத்துக்குத் தன் மூளைமேல் அபார மதிப்பு. ஒருநாள் தான் போட்ட குறுக்கெழுத்துப் புதிரை ஆபீஸ் சுவரில் ஒட்டினார்.

"எல்லா விடைகளிலும் ஒரே தத்துவம் ஒளிந்திருக்கிறது. சாயங்காலத்துக்குள் யாரும் கண்டுபிடிக்காவிட்டால் தீபாவளிக்கு லீவு கிடையாது!"

உதவியாசிரியர்கள் வேதாந்தப் புத்தகங்களைப் புரட்டிச் சோர்ந்துபோனார்கள். டீ கொண்டுவந்த செங்கமலம் புதிரை வாய்விட்டுப் படித்தாள்.

"'அப்பா கால் இழந்து மரத்தின் கடைசியில் சாய்ந்தார்.' அப்பாவில் துணைக்காலை எடுத்துட்டு, மரம்ங்கிறதோட கடைசி எழுத்தைச் சேர்த்தா அப்பம். 'பாய, அரைகுறைச் சம்மதம்.' பாய, சம்... பாயசம்! அப்போ மீதியும் திங்கிறதுதான்."

போளி, அதிரசம், ஜிலேபி என்று கடகடவெனக் கட்டங்களை நிரப்பினாள்.

ஆசிரியர் முகம் சுருங்கியது. "சரி, தத்துவம் என்ன?"

"தத்துவம் இல்லைங்க ஐயா, பசி! டாக்டர் சொன்னதிலேர்ந்து பத்து நாளா சர்க்கரை இல்லாத டீதானே குடிக்கிறீங்க?"

ஆபீஸே விழுந்து விழுந்து சிரித்தது. பராங்குசம் தொண்டையைச் செருமிக்கொண்டு லீவு கொடுத்தார். எல்லோரும் நகர்ந்ததும் குரலைத் தாழ்த்தினார்.

"செங்கமலம், தீபாவளி முடிஞ்சு வரும்போது ரெண்டு அதிரசம் கொண்டு வாம்மா. என் வீட்டுல மட்டும் சொல்லிடாதே."