ராஜாவின் முகம் காணாமல் போன கதை

கிரீடமும் கம்ப்யூட்டரும் ஒரே அரண்மனையில் இருந்த ஒரு காலம். எந்தக் காலம் என்று கேட்காதீர்கள், கதையைக் கேளுங்கள். மயிலக்கோட்டையை அதிரூபவர்மர் என்று ஒரு ராஜா ஆண்டுவந்தார். நல்லவர்தான். ஆனால் தன் முகத்தின் மேல் அவருக்கு அப்படியொரு பைத்தியம். காசில் அவர் முகம், கதவிலும் சுவரிலும் அவர் முகம், பாயசக் கிண்ணத்தின் அடியில்கூட அவர் முகம்.

ஜனங்கள் குறை சொல்வதற்காகச் சபையில் ஒரு பெரிய கம்ப்யூட்டர் திரை வைக்க ராஜா ஆசைப்பட்டார். அந்த வேலை மந்திரி தையல்நாயகியிடம் வந்தது. அவைப்புலவர் வித்தகராயருக்கு வயிறு எரிந்தது.

"மன்னா, திரைக்கு எழுத்துதான் அழகு. தங்கள் பட்டங்களை நான் எழுதித் தருகிறேன்" என்றார் ராயர்.

"படிக்கத் தெரியாதவர்களும் வருவார்கள், மன்னா. படம் வேண்டும்" என்றாள் தையல்நாயகி.

"இரண்டும் வேண்டும். மேலே என் முகம், கீழே என் பட்டங்கள்" என்றார் ராஜா.

தையல்நாயகிக்கு உற்சாகம் தாங்கவில்லை. திரையில் எழுத்தையோ படத்தையோ காட்டுவதற்கு லேபிள் என்று ஒன்று உண்டு. ஒரே லேபிளில் இரண்டையும் வைத்தாள். ஓட்டிப் பார்த்தாள். திரையில் ராஜா ஜம்மென்று சிரித்தார். அத்தோடு விட்டாளா? கம்ப்யூட்டருக்கு எழுதிய கட்டளை நிரல் கலைந்து கிடக்கிறதே என்று, படம் போடும் வரிகளை மட்டும் தனியாக ஒரு கட்டாகக் கட்டி ஒழுங்கு பண்ணினாள். மறுபடி ஓட்டிப் பார்க்கத்தான் மறந்துபோனாள்.

மறுநாள் சபையில் ஜனம் நெருக்கியடித்தது. திரை திறந்தது. பட்டங்கள் பளபளவென்று வந்தன. முகம் இருக்கவேண்டிய இடம் வெறுமையாக இருந்தது.

"மன்னர் முகத்தையே அழித்துவிட்டாள். இது ராஜத்துரோகம்" என்று ராயர் துள்ளி எழுந்தார்.

ராஜா சிவந்துபோனார். "சபை கலையும் மணி அடிப்பதற்குள் என் முகம் வந்தாகவேண்டும். இல்லையென்றால் நீ இந்த நாட்டிலேயே இருக்கக்கூடாது."

தையல்நாயகி வாசலைப் பார்த்தாள். பிறந்து வளர்ந்த ஊர், எங்கே போவாள்? மணியடிக்கிற ஆளும் கூட்டுகிற ஆளும் வாசலில் தயாராக நின்றார்கள். மணி அடித்ததும் யார் கையிலும் இல்லாத பொருளையெல்லாம் கூட்டி அள்ளிவிடுவது அந்த அரண்மனை வழக்கம். அவர் கையிலிருந்த கூட்டுமாற்றைப் பார்த்தாளோ இல்லையோ, அவளுக்குப் பொறி தட்டியது. சிரிப்பே வந்துவிட்டது.

"மன்னா, மணியை இப்போதே அடிக்கச் சொல்லுங்கள்."

"உனக்கு என்ன, ஊரைவிட்டுப் போக அவ்வளவு அவசரமா?"

"அடிக்கட்டும், மன்னா. படம் எங்கே போனது என்று தெரிந்துவிடும்."

மணி அடித்தது. கூட்டுகிறவர் உள்ளே வந்தார், சுவரில் ஆணியில் தொங்கிய பொன்னாடையைச் சுருட்டிக் கூடையில் போட்டார்.

"ஐயையோ, அது என்னுடையது" என்று ராயர் கூடையின் மேல் பாய்ந்தார். "ஆணியில் பத்திரமாக மாட்டியிருந்தேனே."

"மாட்டினீர்கள், ராயரே. ஆனால் யார் கையிலும் இல்லையே" என்றாள் தையல்நாயகி. "மன்னா, லேபிளும் இந்த ஆணி மாதிரிதான். படத்தைக் காட்டும், காப்பாற்றாது. படத்துக்கு ஒரு பெயர் வைத்து நிரல் பிடித்துக்கொள்ள வேண்டும். நான் ஒழுங்குபண்ணிய கட்டுக்குள் அந்தப் பெயர் மாட்டிக்கொண்டது. கட்டு வேலையை முடித்ததும் பெயரும் போய்விட்டது. பிடிக்க ஆளில்லாத படத்தைக் கம்ப்யூட்டர் குப்பை என்று அள்ளிவிட்டது. தப்பு என்னுடையதுதான்."

சொல்லிக்கொண்டே, படத்துக்கு நிலையான பெயர் ஒன்று வைத்து ஒரே ஒரு வரி சேர்த்தாள். திரையில் ராஜா ஜம்மென்று வந்து உட்கார்ந்தார். சபை ஆர்ப்பரித்தது.

ராஜா மட்டும் சிரிக்கவில்லை. சுவரெங்கும் தொங்கிய தன் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"என்னையும் நான் ஊரெல்லாம் மாட்டிவைத்திருக்கிறேன். பிடித்துக்கொள்ள யார் இருக்கிறார்கள்?" என்றார். பிறகு நிமிர்ந்தார். "தையல்நாயகி, பட்டங்களை எடு. என் முகத்துக்குக் கீழே 'உங்கள் குறையைச் சொல்லுங்கள்' என்று போடு. அந்தப் பொன்னாடை உனக்கு. ராயரே, எழுதத் தெரியாதவர்கள் சொல்லும் குறைகளை இனி நீர் எழுதித் தாரும்."

அன்று முதல் ஜனங்கள் திரை முன்னால் வந்து நின்று ராஜா முகத்தைப் பார்த்தே பேசினார்கள். ராயரும் எழுதினார், ஒற்றைக் கையால். இன்னொரு கை, மணி எப்போது அடிக்குமோ என்று, தலைப்பாகையைப் பிடித்திருந்தது.