சுவரைப் பார்த்த பலகை

ஆற்றங்கரை மடத்தில் வன்மீகநாதர் உட்காருவதற்கென்று ஒரு பலகை இருந்தது. வருகிறவர்களைப் பார்த்து அதைப் போடவில்லை. சுவரைப் பார்த்துப் போட்டிருந்தார்கள். சுற்றுப்பட்டு ஊர்களில் வரப்புச் சண்டையோ வாய்க்கால் சண்டையோ மூண்டால் ஜனங்கள் அவரிடம்தான் வருவார்கள். அவர்கள் வருமுன்பே அவர் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிடுவார். முதுகுக்குப் பின்னால் இரண்டு தரப்பும் பேசும். தீர்ப்பைச் சொன்ன பிறகுதான் திரும்புவார்.

அவர் தீர்ப்பு தப்பியதாக யாரும் சொன்னதில்லை. அதனால் அந்த முதுகுக்கே ஒரு மகிமை வந்துவிட்டது. முகம் மாயை, அதனால்தான் சாமி பார்ப்பதில்லை என்றார் ஒரு சீடர். சுவரில் சாமிக்கு ஏதோ தெரிகிறது என்று அடித்துச் சொன்னார் இன்னொருவர். வேறொருவர் முதுகின் மேலேயே ஒரு பதிகம் பாடி வைத்திருந்தார். சாமியிடம் போய்க் கேட்டுவிடலாமே என்று மட்டும் ஒருத்தருக்கும் தோன்றவில்லை. ஞானம் முற்றினால் அப்படித்தான் போலிருக்கிறது.

அந்தச் சீடர்களில் காளத்தி நாற்பதைத் தாண்டியவன். அதிகம் பேசமாட்டான். பேசினாலும் இரண்டு கையையும் போர்வைக்குள் இழுத்துக்கொண்டுதான் பேசுவான். சித்திரை வெயிலிலும் அவன் தோளில் போர்வை கிடக்கும். அக்கரை ஊர்க்காரர்கள் தங்களுக்கும் ஒரு மடம் வேண்டும் என்று வந்து கேட்டபோது, வன்மீகநாதர் அவனைத்தான் அனுப்பிவைத்தார்.

காளத்தி அங்கே போய் முதல் வேலையாக ஒரு பலகையைச் சுவரைப் பார்த்துப் போட்டான்.

வந்தது ஒரு மாட்டு வழக்கு.

"சாமி, நான் சின்னையன். இது என் மாடு," என்றது முதுகுக்குப் பின்னால் ஒரு குரல். "புல்லு கடிக்கிற வயசில, மேய்ச்சலுக்குப் போன இடத்தில கன்னு காணாமப் போச்சு. இப்ப பார்த்தா இந்தம்மா கொட்டில்ல வளர்ந்து நிக்குது. நெத்தியில அதே வெள்ளைச் சுட்டி."

"நீங்க சொல்லுங்கம்மா," என்றான் காளத்தி.

பதில் இல்லை.

"பயப்படாம சொல்லுங்க. நான் உங்களைப் பார்க்கல."

யாரோ மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது. கூட்டத்தில் ஒருவர் செருமினார். வழக்குக்காரரைத் தவிர வேறு யாரும் அங்கே வாய் திறக்கக் கூடாது.

"மறுத்துச் சொல்ல ஒண்ணுமே இல்லையா?"

அதற்கும் பதில் இல்லை.

"அப்படின்னா மாடு சின்னையனுக்கே," என்று சொல்லிவிட்டுக் காளத்தி திரும்பினான்.

எதிரே அழகாயி நின்றுகொண்டிருந்தாள். கணவன் செத்த பிறகு அந்த ஒற்றை மாட்டை ஓட்டிக்கொண்டு வேற்றூரிலிருந்து பிழைக்க வந்தவள். அதன் பாலை விற்றுத்தான் அவள் வீட்டு அடுப்பு எரிந்தது. அவளுக்குப் பிறவியிலேயே காது கேட்காது, பேச்சும் வராது. ஊரில் எல்லோருக்கும் அது தெரியும். புதிதாக வந்த காளத்திக்குத்தான் தெரியாது. ஞானிக்குத் தெரியாமலா இருக்கும் என்று எல்லோரும் பேசாமல் நின்றிருந்தார்கள்.

அவளுடைய கைகள் அப்போதும் பேசிக்கொண்டிருந்தன. முதுகிடம் பேசிப் பேசி அவை களைத்துப் போயிருந்தன. அந்தக் கைகள் சொன்னது காளத்திக்குப் புரிந்தது. என் மாடு, என் மாடு, நான் வளர்த்த பிள்ளை.

சொன்ன தீர்ப்பைத் திருப்பி வாங்குவது அந்தப் பலகையில் வழக்கமில்லை. என்ன செய்வதென்று அவனுக்கு விளங்கவில்லை. சின்னையன் மாட்டை அவிழ்க்கப் போனான். காளத்தி ஆற்றில் இறங்கிக் குருவிடம் ஓடினான்.

வன்மீகநாதர் கீரைப் பாத்திக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார்.

"சாமி, என்னைத் திருப்பிக் கூப்பிட்டுக்கங்க. அந்தப் பலகைக்கு நான் லாயக்கில்ல."

"மூச்சு வாங்கிக்கோ. என்ன நடந்தது?"

காளத்தி எல்லாவற்றையும் சொன்னான். அவர் செம்பைக் கீழே வைத்தார்.

"நீ ஏன் சுவரைப் பார்த்து உட்கார்ந்தே?"

"நீங்க அப்படித்தானே உட்காருவீங்க?"

"நான் ஏன் அப்படி உட்காருறேன்?"

"முகம் மாயைன்னு..."

"யாரு சொன்னா?"

காளத்தி விழித்தான். வன்மீகநாதருக்குச் சிரிப்பு வந்தது. வந்த வேகத்திலேயே போயும்விட்டது.

"எனக்குச் சின்ன வயசில திக்குவாய், காளத்தி."

அந்த மடத்தில் யாருக்கும் இது தெரியாது.

"யாராவது என் முகத்தைப் பார்த்தாப் போதும், நாக்கு ஒட்டிக்கும். எங்க ஊர்ல மாடு மேய்ச்ச மாயாண்டி, கோயில் மணியைத் திருடிட்டான்னு பிடிச்சு வச்சாங்க. அவன் எடுக்கல. எடுத்தவனை நான் கண்ணால பார்த்தேன். என்னைக் கூட்டத்து நடுவில நிறுத்தி, சொல்லுடா சொல்லுடான்னாங்க. சுத்தி அத்தனை முகம். எனக்கு மா... மா...ன்னுதான் வந்தது. எல்லாரும் சிரிச்சாங்க. அவனை ஊரைவிட்டுத் துரத்திட்டாங்க."

"அப்புறம் சாமி?"

"வீட்டுக்குப் போனேன். அத்தை முருங்கைக்கீரை உருவிக்கிட்டு இருந்தா. திரும்பிக்கூடப் பார்க்கல. 'என்னடா, சத்தத்தையே காணோம், சொல்லு'ன்னா. அவ முதுகைப் பார்த்து எல்லாத்தையும் சொன்னேன். ஒரு சொல்லுகூடத் திக்கல. கீரையை அப்படியே போட்டுட்டு ஓடினா. மாயாண்டி ஆத்தைத் தாண்டுறதுக்குள்ள போய்ப் பிடிச்சுக் கூட்டிக்கிட்டு வந்துட்டா."

அவர் மேல்துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இத்தனை வயதுக்குப் பிறகும் அந்த ஓட்டத்தை நினைத்தால் அவருக்கு நெஞ்சு நிறைந்துவிடும்.

"என் முன்னால வர்றவங்கள்ல என்னை மாதிரி ஒருத்தன் இருந்துட்டா என்ன பண்றதுன்னுதான் திரும்பி உட்காருறேன். வேற ஒண்ணும் இல்ல."

"இதை ஏன் சாமி எங்ககிட்ட சொல்லல?"

"யாரு கேட்டீங்க? பதிகம் பாடவே உங்களுக்கு நேரம் போதல."

காளத்தி தலையைக் குனிந்துகொண்டான். அவர் அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"அந்தப் பொண்ணு கையால சொன்னது உனக்குப் புரிஞ்சதுன்னியே. எப்படி?"

காளத்தி போர்வையை இறுக்கிக்கொண்டான்.

"எங்கம்மாவும் அப்படித்தான் சாமி. நான் முதல்ல பேசினதே கையாலதான். தெருவில என்னை ஊமைச்சி மகன்னு கூப்பிடுவாங்க. வாயால பேசினாலும் கூடவே என் கையும் ஆடும். அதைப் பார்த்து அதே மாதிரி ஆட்டிக் காட்டுவாங்க. இங்க வந்த அன்னைக்கே கையை உள்ளே போட்டுக்கிட்டேன்."

வன்மீகநாதர் அந்தப் போர்வையின் ஓரத்தைத் தொட்டுப் பார்த்தார்.

"உனக்குக் குளிர் தாங்காதுன்னு நினைச்சேன். ரெண்டாவது போர்வை ஒண்ணு நான்தானே குடுத்தேன்?"

"ஆமா சாமி. இதுதான்."

"மாடு இப்ப எங்க?"

"வீட்டுக்குக்கூடக் கொண்டுபோகாம நேரா சந்தைக்கு ஓட்டிட்டுப் போறேன்னு சொல்லிக்கிட்டிருந்தான். இந்த ஆத்தைத் தாண்டித்தான் போகணும்."

"அப்ப இங்க நின்னுக்கிட்டு என்ன பண்றே?" என்றார் அவர். அவன் தோளில் கிடந்த போர்வையை உருவித் தன் தோளில் போட்டுக்கொண்டார்.

காளத்தி ஆற்றுக்கு ஓடினான். நடு ஆற்றில் முழங்கால் தண்ணீரில் சின்னையன் மாட்டை இழுத்துக்கொண்டு வந்தான். பின்னால் வேடிக்கை பார்க்க ஊர்க்காரர்கள் சிலர். எல்லோருக்கும் பின்னால், கண்ணீரும் கம்பலையுமாக அழகாயி வந்தாள். காளத்தி தண்ணீரில் இறங்கிக் குறுக்கே நின்றான்.

"தப்பாச் சொல்லிட்டேன். மறுபடி கேட்கணும்."

"சொன்ன தீர்ப்பு சொன்னதுதானே சாமி?"

"சொன்னவன் பார்க்காமச் சொன்னான். மாட்டை மணல்ல ஏத்து."

மணல்திட்டில் சுவரும் இல்லை, பலகையும் இல்லை. காளத்தி அழகாயிக்கு நேர் எதிரே உட்கார்ந்து இரண்டு கையையும் தூக்கினான். அம்மா போன பிறகு அவை யாரோடும் பேசியதில்லை. முதலில் கொஞ்சம் தடுமாறின. பிறகு கேட்டன. இது எப்படி உன் மாடு?

அழகாயியின் அழுகை நின்றுவிட்டது. அந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து அவளிடம் யாரும் எதையும் கேட்டதில்லை. அவள் கைகள் மடமடவென்று சொல்ல ஆரம்பித்தன. காளத்தி அதை உரக்கச் சொல்லிக்கொண்டே வந்தான்.

"இது பிறந்த அன்னைக்கே இதோட தாய் செத்துப்போச்சாம். ஆட்டுப்பால்ல முந்தானையை நனைச்சு நனைச்சு ஊட்டினாங்களாம். இப்பவும் அந்தப் பழக்கத்தை விடலையாம்."

அழகாயி முந்தானையின் நுனியை நீட்டினாள். அவ்வளவு பெரிய பசு அதைக் கவ்விக்கொண்டு, கண்ணைப் பாதி மூடிச் சப்ப ஆரம்பித்தது. கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லோருமே சிரித்துவிட்டார்கள். அழகாயியும் சிரித்தாள்.

காளத்தி சின்னையனை நேராகப் பார்த்தான். "உன் கன்னு புல்லு கடிக்கிற வயசில தொலைஞ்சதுன்னியே? இது பால்குடி வயசிலேயே முந்தானை சப்பின கன்னு."

"சுட்டி ஒரே மாதிரி இருந்தது சாமி," என்று முனகினான் சின்னையன். அவன் கை கயிற்றை விட்டுவிட்டது.

அறுவடை முடிந்து ஒருநாள் காளத்தி குருவைப் பார்க்க வந்தான். தோளில் போர்வை இல்லை. அக்கரை மடத்தில் அவனுக்கும் சீடர்கள் சேர்ந்திருந்தார்கள். அவன் எல்லோரையும் நேருக்கு நேர் பார்த்து வழக்குக் கேட்பதைக் கண்டு அவர்களும் அப்படியே உட்காரப் பழகினார்கள். அவர்களில் ஒருவர் காளத்தியின் கைகளைப் பற்றிப் பதிகமே தொடங்கிவிட்டாராம்.

"பயமா இருக்கு சாமி," என்றான் காளத்தி. "நேத்து ஒருத்தர் வந்தாரு. என் முகத்தைப் பார்த்ததும் அவருக்குப் பேச்சே வரல. நான் எழுந்து திரும்பி உட்கார்ந்தேன். அப்புறம்தான் சொன்னாரு. என்கிட்ட இருக்கிறவங்களுக்கு நான் எதைத்தான் சொல்லிக்கொடுக்கட்டும்? சுவரைப் பார்க்கச் சொல்லவா, முகத்தைப் பார்க்கச் சொல்லவா?"

சொல்லச் சொல்ல அவன் கைகள் காற்றில் சுவரைக் காட்டின, முகத்தைக் காட்டின, பயத்தையும் காட்டின. வன்மீகநாதர் அந்தக் கைகளையே ஆசையோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

"இத்தனை வருஷம் என்கூட இருந்தியே காளத்தி. உங்கம்மா எப்படிப் பேசுவாங்கன்னு நான் ஒரு நாளாவது உன்கிட்ட கேட்டிருக்கேனா?"

"இல்ல சாமி."

"போர்வைதான் குடுத்தேன். நீயாவது உன்கிட்ட இருக்கிறவங்களைக் கேளு, அவங்களுக்கு எப்படிப் பேச வரும்னு."