நாற்பது தடவை பார்த்த சொதி

"திருடிட்டாம்மா. பட்டப்பகல்ல, நாலு லட்சம் பேரு பாக்கத் திருடிட்டா!"

மடத்துக்குள் கால் வைத்ததும் ஆவுடையம்மாள் சொன்னது இதுதான். கும்பிடக்கூட இல்லை.

குழல்வாய்மொழி அவரைக்காய்க்கு நார் உரித்துக்கொண்டிருந்தார். மடத்துக்குத் தலைவி அவர். வயது முப்பத்திரண்டு. ஆவுடைக்கு ஐம்பத்து நாலு. இருந்தாலும் குரு குருதானே? ஆவுடை அவரை அம்மா என்பாள். அவர் இவளை அக்கா என்பார்.

"உக்காருங்கக்கா. யாரு? எதை?"

"யாருன்னு கேக்காதீங்க. அந்தப் பேரை என் வாயால சொல்லமாட்டேன். எதைன்னு கேளுங்க. என் சொதியை!"

திருநெல்வேலிப் பக்கம் மறுவீட்டு விருந்தில் சொதி இல்லையென்றால் சம்பந்தி வீட்டார் முகம் கொடுத்துப் பேசமாட்டார்கள். பாசிப்பருப்பும் காயும் தேங்காய்ப்பாலில் வெந்து, இஞ்சி மணத்தோடு இலையில் விழவேண்டும். ஆவுடை வீட்டோடு சமைக்கிறவள்தான். ஆனாலும் சொந்தத்தில் எந்தக் கல்யாணமென்றாலும் சொதிக்கு மட்டும் அவளைக் கூப்பிட்டுவிடுவார்கள். மடத்துக் குருபூஜைக்கும் பன்னிரண்டு வருஷமாக அவள் கைச் சொதிதான்.

இந்த வருஷம் வேறு பேச்சு கிளம்பியிருந்தது. வீடியோவில் சொதி வைக்கிற பெண்ணைக் கூப்பிடலாமே என்று பக்தர்கள் நாலு பேர் சொல்லப்போக, அது ஆவுடை காதில் விழுந்து தொலைத்துவிட்டது.

"நாலு வருஷத்துக்கு முந்தி ஒரு கல்யாண வீட்டுல எனக்கு இஞ்சித் தோல் சீவ வந்தவம்மா அவ. பக்கத்துல நின்னு கண்ணாலயே உறிஞ்சிட்டா. இப்ப போனுக்கு முன்னால நின்னு, வளையலைக் குலுக்கிக்கிட்டு, 'வாங்க மக்களே'ங்கா. குருபூஜைச் சட்டியும் அவளுக்கா?"

"குருபூஜைக்கு யாருன்னு நான் இன்னும் சொல்லலையே அக்கா."

"அப்ப இப்பச் சொல்லுங்க."

"நீங்களும் வீடியோ எடுத்தீங்களாமே?"

அது தனிக் கூத்து.

எண்ணெய் டின் மேல் போனை நிறுத்தி, சாயாமல் இருக்கப் புளி டப்பாவை முட்டுக் கொடுத்து, தீபாவளிச் சேலையைக் கட்டிக்கொண்டு நின்றாள். பேசவேண்டிய இடத்தில் மிக்ஸி ஓடியது. மிக்ஸியை நிறுத்தினால் பேச்சு வரவில்லை. கத்தரிக்காய்க்காரனை அரை மணி நேரம் நிற்கவைத்துப் பேசுகிறவள், போன் கேமராவின் அந்தக் கண்ணாடிப் பொட்டைப் பார்த்ததும் பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் நிற்கிற மாதிரி தரையைப் பார்த்தாள். போனைப் பார்த்துப் பேசச் சொல்லி அவள் புருஷன் வேலப்பன் கையைக் காலை ஆட்டினார். "என்ன, உங்களுக்குச் சுளுக்கா?" என்று அவள் கேட்டதும் வீடியோவில் ஏறிவிட்டது.

"அறுபத்தொரு பேரு பாத்தாங்க," என்றாள் ஆவுடை. "அதுல முப்பது தடவை நானு."

குரு கையை நீட்டினார். ஆவுடை போனைக் கொடுத்தாள்.

வீடியோவில் காய் வெந்தது. மூன்றாம் தேங்காய்ப்பால் விழுந்தது. இரண்டாம் பால் விழுந்தது. கெட்டியான முதல் பாலை அவள் கையில் எடுத்ததும், திரை முழுக்க அவள் முதுகு. ஒன்றரை நிமிடம் முதுகுதான். பிறகு திரும்பினாள். சொதி முடிந்திருந்தது.

கீழே ஒருவர் எழுதியிருந்தார்: 'அம்மா, சேலை நல்லா இருக்கு. சொதி எங்க?'

"ஏன்க்கா திரும்பிட்டீங்க?"

"நானா திரும்பினேன்? முதல் பாலைத் தொட்டாலே உடம்பு தானாத் திரும்பிரும்மா. பக்கத்துல எவ நின்னாலும் சரி, போன் நின்னாலும் சரி. எல்லாத்தையும் கொட்டிக் கொடுத்துட்டு எனக்குன்னு என்ன மிச்சம்?"

குரு அடுத்த அவரைக்காயை எடுத்தார்.

ஆவுடை பேரத்தில் இறங்கினாள்.

"நீங்க சொன்னா அவ கேப்பா. அந்த வீடியோவை அழிக்கச் சொல்லுங்க."

நார் உரிந்தது.

"சரி, அழிக்க வேண்டாம். என் பேரைப் போடச் சொல்லுங்க."

இன்னொரு காய்.

"சரிம்மா, பேரும் வேண்டாம். அவ சொதி மட்டம்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லிருங்க. நான் பாட்டுக்கு எந்திரிச்சுப் போயிருதேன்."

"அவளோடதைப் பாத்தீங்களா?"

"நாப்பது தடவை."

"கடைசியில என்ன சொல்றா?"

"கடைசி வரைக்கும் எவ பாத்தா? முதல் பாலைக் கையில எடுக்கா பாருங்க, அங்கேயே எனக்கு வயிறு பத்திக்கிட்டு எரியும். பட்டுனு அமுக்கி நிறுத்திருவேன்."

"நாப்பது தடவையுமா?"

"நாப்பது தடவையும்."

"போடுங்க. பாத்துட்டுச் சொல்றேன்."

போன் நடுவில் இருந்தது. வளையல் குலுங்கியது. வாங்க மக்களே என்றது.

"கேரட்டை நறுக்கியிருக்கிற லட்சணத்தைப் பாருங்க. மாட்டுக்கு வைக்க மாதிரி."

குரு திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"சிரிக்கா பாருங்க. சட்டிக்கு முன்னால நின்னு எவளாவது சிரிப்பாளா?"

முதல் பால் இருந்த கிண்ணம் திரையில் வந்தது. ஆவுடையின் கட்டைவிரல் பாய்ந்தது.

குரு அந்தக் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டார்.

"விடுங்கம்மா."

விடவில்லை.

"அம்மா, எனக்கு எரியுது."

விடவில்லை.

திரையில் அந்தப் பெண் ஒரு ஓரமாக நகர்ந்து நின்றாள். சட்டி முழுசாகத் தெரிந்தது. "நல்லாப் பாத்துக்கோங்க மக்களே. அடுப்பை அணைச்சாச்சா? அணைச்ச பிறகுதான் முதல் பால். சூடு தணிஞ்ச பிறகுதான் எலுமிச்சம்பழம். இல்லைன்னா திரிஞ்சிரும். இதை எனக்கு யாரும் சொல்லித் தரலை. ஒன்பது சட்டி திரிஞ்சு போய்த்தான் தெரிஞ்சுது."

"ஒன்பதா?" என்றாள் ஆவுடை. அவளை அறியாமல் வந்துவிட்டது.

கட்டைவிரல் இழுப்பதை நிறுத்தியிருந்தது. குருவும் கையை எடுத்துக்கொண்டார்.

அந்தப் பெண் ஒரு கரண்டி எடுத்து வாயில் விட்டுப் பார்த்தாள். சிரிப்பு போய்விட்டது. வளையலும் குலுங்கவில்லை. போனுக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். குரலில் கோபம் ஏறியிருந்தது.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா அந்தச் சொதி இல்லை இது. ஒரு கல்யாண வீட்டுல ஒரு அம்மா வச்சாங்க. அவங்க பேரு எனக்குத் தெரியாது. காலையில இருந்து கூடவே நின்னேன், என் பேரை அவங்களும் கேக்கலை. முதல் பாலைக் கையில எடுத்தாங்க. 'ஏட்டி, போய் உப்பெடுத்துட்டு வா'ன்னாங்க. உப்பு அவங்க காலடியிலதான் இருந்துச்சு. தெரிஞ்சேதான் போனேன். திரும்பி வரும்போது சட்டியை மூடிட்டாங்க."

ஆவுடை குருவைப் பார்க்கவில்லை. குருவும் அவளைப் பார்க்கவில்லை.

"யம்மா, நீங்க எங்கேயாவது இருந்து இதைப் பாத்தீங்கன்னா கேளுங்க. நான் வைக்கிறதுதான் சொதின்னு இனிமே ஊரெல்லாம் வைக்கப்போகுது. குறையோட வைக்கப்போகுது. அதை நீங்கதான் சரி பண்ணணும், வேற யாராலயும் ஆகாது. இப்பவாவது வந்து சொல்லுங்க. நான் உப்பெடுக்கப் போனப்ப நீங்க என்ன பண்ணுனீங்க?"