நசுங்காத எலுமிச்சம்பழம்

சேலத்தில் தெய்வசிகாமணி என்று ஒரு கார் டீலர். லைசென்ஸைக் கண்ணாடி போட்டு சாமி படத்துக்குப் பக்கத்திலேயே மாட்டியிருப்பார். வெள்ளத்தில் மூழ்கிய வண்டிகளைக் கழுவித் துடைத்து, புதுசு என்று ஆன்லைனில் விற்பார். போன மாதம் அப்படி ஒன்றை ஏற்காட்டுக்கு ஓட்டிப்போன டிரைவர் நல்லதம்பி, பிரேக் பிடிக்காமல் பள்ளத்தில் விழுந்து செத்தான். குடித்திருந்தான் என்று முதலாளி கதை கட்டிவிட்டார்.

அடுத்த வண்டியைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் வேலை இன்னொரு டிரைவர் பச்சமுத்து தலையில் விழுந்தது. வாங்குகிறவர் ஏற்காட்டு டீச்சர் வளர்மதி.

"ஆன்லைன்ல வாங்குறவங்க, வீட்டு வாசல்ல வண்டியை ஓட்டிப் பார்த்த பிறகுதான் அவங்ககிட்ட கையெழுத்து வாங்கணும்னு சட்டம் போட்டிருக்காங்க. நீ ஓட்டவிடாமலே வாங்கிட்டு வரணும். இல்லேன்னா வேலை கிடையாது" என்றார் முதலாளி.

பச்சமுத்து முன்சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழத்தை வைத்தான்.

"வாங்கிட்டா போச்சுங்க முதலாளி. நீங்களே பழத்தை நசுக்கி, மலையேறி வந்து சாவி கொடுத்தா, ஓட்டிப் பார்க்காமலே கையெழுத்துப் போடுறேன்னு டீச்சர் சொல்றாங்க."

முதலாளி வண்டியை விட்டுத் தள்ளி நின்றார்.

"பிரேக் இல்லாத வண்டியில என்னை ஏறச் சொல்றியாடா? எனக்குப் பிள்ளைகுட்டி இருக்குடா!"

பச்சமுத்து அணைக்காமல் சட்டைப்பையில் வைத்திருந்த செல்போனிலிருந்து டீச்சரின் குரல் வந்தது.

"எனக்கும் ரெண்டு பிள்ளைங்க இருக்குங்க."

"நல்லதம்பிக்கு மூணு, டீச்சர்" என்றான் பச்சமுத்து. குனிந்து, நசுங்காத பழத்தை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தான்.