ஒன்பது நாளில் ஒரு மீன்

"அம்மா, இந்த ஆத்துல மீனே இல்லை."

எட்டாம் நாள் சாயங்காலம் தணிகாசலம் எஸ்தரிடம் இதைச் சொன்னார். முப்பத்திரண்டு வருஷம் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வயது அறுபத்தொன்று. கோழி இறகையும் நூலையும் கொக்கியில் சுற்றிப் பொய் ஈ கட்டி, அதைத் தண்ணீரில் வீசி டிரவுட் மீன் பிடிக்கும் வித்தையைக் கற்க மலையேறி வந்திருந்தார்.

அந்த ஆற்றில் அதைக் கற்றுத்தர எஸ்தர் ஒருத்திதான். தணிகாசலத்தின் மகள் வயதுதான் அவளுக்கு.

முதல் நாளே அவள் சொல்லிவிட்டாள்.

"ஒன்பது நாள். ஒரே ஒரு மீன். பிடிச்சு, என் கண்ணுல காட்டிட்டு, திரும்ப விட்ரணும். அப்புறம்தான் உங்களைச் சிஷ்யனாச் சேர்த்துக்குவேன். இல்லைன்னா கீழே போற பஸ் அஞ்சேகாலுக்கு."

பிறகு தண்ணீர் விளிம்பிலிருந்து மேட்டைப் பார்த்து ஐந்து கற்களை வரிசையாக வைத்தாள். மேலே அணை. எப்போது திறப்பார்கள் என்று யாருக்கும் தெரியாது. மழையும் சேர்ந்துகொண்டால் இடுப்பளவு தண்ணீர் கால் மணி நேரத்தில் கழுத்துக்கு வந்துவிடும்.

"ரெண்டாவது கல் முழுகினா ஆத்துக்குள்ள ஆள் இருக்கக் கூடாது. மீன் மாட்டியிருந்தாலும் சரி."

எட்டு நாளும் ஆறு வடிந்தபாடில்லை. தணிகாசலமும் இரண்டாவது கல் விதியை ஒருமுறைகூட மீறவில்லை.

எஸ்தர் கேட்டாள்.

"இன்னிக்கு எத்தனை வீச்சு?"

"இருநூத்திப் பதினாலு."

"எங்க நின்னு?"

"உள்ள, இடுப்பளவு தண்ணியில. ஓடுற பஸ்ல கம்பியைப் பிடிக்காம நின்ன காலும்மா இது. ஆறு என்ன இழு இழுத்தாலும் அசையலை."

"ஆமா, நீங்க அசையலை. மீனும் வரலை."

தணிகாசலம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"ஒண்ணு கேக்கறேன், ஐயா. பஸ் தறிகெட்டுப் போகுது. நிக்கிற ஜனமெல்லாம் எங்க போகும்?"

"நடுவுல நிக்க முடியுமா? ஓரமா ஒதுங்கி சீட்டோட ஒட்டிக்குவாங்க. நான் ஒருத்தன்தான் நடுவுல நிப்பேன்."

"ம்," என்றாள். எழுந்து போய்விட்டாள்.

ஒன்பதாம் நாள் காலை ஆறு செம்மண் நிறத்தில் போயிற்று. அன்றைக்குப் புதிதாகக் கல் வைத்த அரை மணியில் முதல் இரண்டு கற்களும் முழுகின.

"பூட்ஸைக் கழட்டிக் குடுங்க."

இடுப்புவரை வரும் ரப்பர் பூட்ஸ். வாங்கி மரக்கிளையில் மாட்டினாள்.

"அப்போ முடிஞ்சுதாம்மா?"

"மணி என்ன?"

"எட்டே முக்கால்."

"பஸ் அஞ்சேகாலுக்குத்தானே?"

தணிகாசலம் வெறுங்காலோடு கரையில் நின்று நடு ஆற்றைப் பார்த்து வீசினார். வெள்ளம் நூலை வாரிச் சுருட்டிக் கரையில் எறிந்தது. மறுபடி வீசினார். நண்பகலுக்குள் நூற்று அறுபது ஆயிற்று. தோள் எரிந்தது. அவர் உட்காரவில்லை.

ஒருமுறை தண்ணீர் இறங்கி இரண்டாவது கல்லின் தலை தெரிந்தது. அவர் மரக்கிளையைத் திரும்பிப் பார்ப்பதற்குள் அது மறுபடி முழுகிவிட்டது.

"ஏமாத்துதும்மா."

"அது பாட்டுக்குப் போகுது. நீங்கதான் அது மூஞ்சியையே பாத்துக்கிட்டிருக்கீங்க."

கட்டி வைத்திருந்த ஆறு ஈக்களில் ஐந்தை வெள்ளம் கொண்டுபோயிற்று. மூன்றரை மணிக்கு ஆறாவது ஈ கரையோரம் முழுகிக் கிடந்த புல்லில் சிக்கியது.

அதை விடுவிக்க ஒரே ஒரு காலைத் தண்ணீரில் வைத்தார். கணுக்காலளவுதான்.

குதிகாலுக்கு அடியிலிருந்து குளிர்ச்சியாக ஒன்று துள்ளி, சதையில் உரசிக்கொண்டு பாய்ந்து போனது.

அவர் காலை எடுக்கவில்லை. அப்படியே நின்றார்.

ஒரு நாளைக்கு மூன்று தடவை இதே இடத்தில் இறங்கியிருக்கிறார். எட்டு நாள். இருபத்து நாலு தடவை.

மெதுவாகக் காலை வெளியே எடுத்தார். ஈயை எடுத்துக்கொண்டு ஒன்பது அடி பின்னால் நடந்து, ஈரப் புல்லில் மண்டியிட்டார். நடு ஆற்றைப் பார்க்கவில்லை. புல் வளைந்து கிடந்த இடத்தில் ஒரு சாண் அகலத்துக்குத் தண்ணீர் ஓடாமல் நின்றது. அதை ஒட்டி அத்தனை வெள்ளமும் இரைந்துகொண்டு போயிற்று.

நூலைச் சுருக்கி வீசினார். நூல் முழுவதும் புல்மேல் கிடந்தது. ஈ மட்டும் தண்ணீரில் விழுந்தது.

ஒன்று.

இரண்டு.

மூன்றாவது வீச்சில் தூண்டில்கோல் வளைந்தது.

மீன் ஒரு முழம்கூட இல்லை. கையை நனைத்துக்கொண்டு மீனைத் தூக்கிக் காட்டினார். எஸ்தர் குனிந்து பார்த்துத் தலையசைத்தாள். தண்ணீரில் விட்டார். அது ஆற்றுக்குள் போகவில்லை. அதே புல்லுக்கடியில் போய் நின்றுகொண்டது.

எஸ்தர் பூட்ஸை எடுத்து நீட்டினாள்.

"நாளைக்கு ஆறு மணிக்கு வந்துருங்க."

அவர் வாங்கவில்லை. சந்தோஷத்தையும் மீறிக் கோபம் வந்தது.

"எட்டு நாள் போச்சேம்மா! கரையோரமாத்தான் நிக்குதுன்னு நேத்தாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"நேத்து அதைச் சொன்னதே நீங்கதானே, ஐயா."